இரு திரைகளின் இடவமைதி

ஓலைச் சுவடியைப் பார்த்து அச்சிற்குரிய படி எடுப்போர் பண்டு ஏட்டினை இடப்புறத்தும் எழுதுதாளை வலப்புறத்தும் வைத்துக்கொண்டு பணி புரிந்தனர். இக்காலத்தில் சுவடிகள் பல ஒளிப்படங்களாக எடுக்கப்பெற்றுக் கணினியில் சேர்த்துவைக்கப்பெற்றுள்ளன. அதனால் படி எடுப்போர்க்கு ஏடும் தாளும் கணினித் திரையே ஆயின. ஆனால், ஒரே திரையில் ஏட்டின் படத்தை ஒருகால் முன்னே கொணர்ந்தும், எழுதும் பகுதியை ஒருகால் முன்னே கொணர்ந்தும் வேலை செய்வோர்க்கு ஓர் இடர் உண்டு. அடுத்தடுத்த வரிகளில் ஒரே சொல் வருமாயின், கண் மேல்வரியை விட்டுக் கீழ்வரிக்குத் தாவிவிடும். இடைப்பட்ட பகுதி படியில் விடுபட்டுப்போகும். எழுத்துப் பிழையைப் பின்வருவோர் கண்டு திருத்திக்கொள்வர். விடுபட்ட வரியையோ, விடுபட்டது என்றே அவர் அறியார். மூல ஏடும் சிதைந்து போகுமாயின், அவ்வரி உலகில் இல்லாத வரியாய்விடும்.

இவ்விடரைக் குறைத்தற்கு எளிய வழி, இரு திரைகளை அருகருகே வைத்துக்கொள்ளுதலாகும். ஒன்றில் ஏடு அசையாமல் நிற்கும். மற்றொன்றில் எழுத்து வளரும்.

சுவடிப் பதிப்பில் ஈடுபட்ட முதியவர் ஒருவர் இவ்வாறே செய்ய விரும்பினார். அவரிடம் இருந்த கணினி லினக்ஸ் இயங்குதளத்தில் நடப்பது. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தொடங்கி, பின்னர்ப் பல நாட்டினர் கூடி வளர்த்த கட்டற்ற மென்பொருள் அது. முதியவரின் மேசையில் முன்பே சதுரவடிவை ஒட்டிய 19 அங்குலத் திரை ஒன்று இருந்தது. ஓலையோ நீண்டு ஒடுங்கியது. அதன் படத்திற்கு அகன்ற திரையே ஏற்றது. ஆதலால், 24 அங்குல அகலத் திரை ஒன்றை வாங்கிப் பழைய திரையின் இடப்பக்கத்தில் வைத்தார். கணினியின் எச்.டி.எம்.ஐ. செருகுவாயைப் புதிய திரைக்கு அளித்து, பழைய திரையைப் பரணில் கிடந்த வி.ஜி.ஏ. வடம் ஒன்றால் வேறொரு வாயில் இணைத்தார்.

இரு திரைகளும் ஒளிர்ந்தன. ஆயினும் வேலை நடைபெறவில்லை. ஏட்டின் படத்தைப் பெரிதாக்க எண்ணி, அவர் அம்புக்குறியை இடப்பக்கம் நகர்த்தினார். அது பழைய திரையின் இடவிளிம்பில் முட்டி நின்றது. வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தார். அப்பக்கத்தில் சுவரன்றி வேறொன்றும் இல்லை. அவ்வாறிருந்தும் அம்புக்குறி வலவிளிம்பைக் கடந்து மறைந்தது. மறைந்து, இடப்புறத்துப் புதிய திரையின் இடக்கோடியில் எழுந்தது! கிழக்கு வாயிலால் வெளியே சென்றவன் மேற்கு வீட்டின் மேற்கு மூலையில் நிற்கக் கண்டாற்போல் முதியவர் திகைத்தார். போதாக்குறைக்குப் பழைய திரையில் எழுத்துகள் மங்கியும் நீண்டும் தோன்றின.

அவருடைய பேர்த்தி பத்தாம் வகுப்பு மாணவி. மாலையில் பள்ளியினின்று வந்தவளிடம் அவர் அம்புக்குறியின் கோலத்தைக் காட்டினார்.

“தாத்தா, அம்புக்குறி பிறகு ஆகட்டும். முதலில் எழுத்தைப் பாருங்கள். ‘க’வா ‘க்’கா என்று தெரியவில்லையே! திரையின் அளவு சரியாகாமல் அதன் இடத்தைச் சரிசெய்ய முடியாது” என்றாள் அவள்.

அவள் கூறியது தக்கதே. பழைய ஓலைகளில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுதல் அரிது. கூரிய எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை சேதமுறும் என்பர். ஆகவே, எங்கே புள்ளி வேண்டும், எங்கே வேண்டா என்று பொருள் நோக்கித் துணிந்து இடுவது படி எடுப்போர் கடமையாகும். அவர் இட்ட புள்ளி அவருடைய திரையிலேயே தெளிவாகத் தெரியவில்லையெனில் பிழை நோக்குதல் எவ்வாறு இயலும்?

இனி, எழுத்து மங்கிய காரணத்தைக் காண்போம். கணினித் திரை எண்ணற்ற நுண்புள்ளிகளால் ஆகியது. முதியவரின் பழைய திரையில் ஒரு வரிக்கு 1280 புள்ளிகளும், மேலிருந்து கீழாக 1024 வரிகளும் உள்ளன. கணினி அதே கணக்கில் படத்தை அனுப்பினால் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி நேர்ந்து எழுத்துக் கூர்மையாக விளங்கும். அன்று கணினி அனுப்பியதோ 1024 புள்ளிகளும் 768 வரிகளும் உடைய படம். திரை அதனை அகலத்தில் ஒன்றேகால் மடங்கும் உயரத்தில் ஒன்றேமூன்றிலொரு மடங்கும் இழுத்துத் தன் பரப்பை நிரப்பிக்கொண்டது. அகலத்தினும் உயரம் மிகுதியாக இழுபட்டமையால் எழுத்து நீண்டது. ஒரு புள்ளி அண்டைப் புள்ளிகளின்மேலும் பரவியமையால் மங்கியது.

தனக்கு முன் இருக்கும் திரை எத்தகையது என்பதைக் கணினி எவ்வாறு அறிகின்றது? அதற்குக் கண் இல்லை. திரைதான் தன்னைப் பற்றிக் கூறுதல் வேண்டும். இதற்கென ‘வெசா’ என்னும் தரநிலைச் சங்கத்தார் 1994ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தனர். அதன் பெயர் ‘இ.டி.ஐ.டி.’ என்பது. அதனைத் திரையின் தன்வரலாற்று ஓலை எனலாம். அதன் அடிப்படைப் பகுதி 128 பைட்டுகளே உடையது. ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். முதல் எட்டு எண்களும் எல்லாத் திரைக்கும் பொது: 0, பின்பு ஆறு முறை 255, மீண்டும் 0. ஓலையின் தலைப்பில் இடும் பிள்ளையார் சுழியை ஒத்தது இது. இதனைக் கண்டதும் ‘இது திரையின் ஓலை’ எனக் கணினி தெளிகின்றது. அதன்பின் திரையைச் செய்தோரின் மூன்றெழுத்துக் குறியும், வகை எண்ணும், வரிசை எண்ணும் வரும். செய்த ஆண்டு 1990இலிருந்து கணக்கிட்டு எழுதப்படும். 18 என்று இருப்பின் 2008 எனக் கொள்ளுதல் வேண்டும். திரையின் அகலமும் உயரமும் சென்டிமீட்டரில் கூறப்படும். அது காட்டவல்ல படத்தின் அளவுகளும் தொடர்ந்து வரும்.

இறுதி எண் நயமிக்கது. 128 எண்களையும் கூட்டினால் வரும் தொகை 256ஆல் மீதியின்றி வகுபடுமாறு அவ்வெண் அமைக்கப்படுகின்றது. முதல் 127 எண்களின் கூட்டுத்தொகை 6170 என்று கொள்வோம். அதனை 256ஆல் வகுத்தால் 26 எஞ்சும். எனவே, இறுதி எண் 230 ஆதல் வேண்டும். கூட்டினால் 6400, அஃதாவது 256இன் 25 மடங்கு. வழியில் ஓர் எண் திரிந்துபோனாலும் கணக்கு ஒவ்வாது, கணினி ஐயுறும். வரி விடுபட்டதையும் எழுத்துத் திரிந்ததையும் தானே காட்டிக்கொடுக்கும் இத்தகைய எண் ஒன்று ஓலைச் சுவடியின் ஒவ்வோர் ஏட்டிலும் இருந்திருப்பின், பதிப்பாசிரியர் உழைப்பு எவ்வளவோ குறைந்திருக்கும்!

வி.ஜி.ஏ. வடத்தின் தலையில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. படத்தின் நிறங்கள் சிலவற்றின் வழியே செல்ல, தன்வரலாறு 12ஆம் ஊசியின் வழியேயும், அதற்குரிய தாளக்குறி 15ஆம் ஊசியின் வழியேயும் செல்லும். மலிவாகச் செய்த பழைய வடங்கள் சிலவற்றில் இவ்விரண்டிற்கும் உள்ளே கம்பி இராது. அத்தகைய வடத்தில் படம் வரும், அறிமுகம் வாராது. அறிமுகம் இல்லாத திரைக்குக் கணினி பெரும்பாலும் எத்திரையும் ஏற்கக்கூடிய 1024, 768 என்னும் அளவையே அனுப்பும்.

பேர்த்தி இதனை ஊகத்தால் விட்டுவிடவில்லை. லினக்ஸ் தன்னோடு இணைந்த கருவிகளின் செய்தியைக் கோப்புகளின் வடிவில் காட்டும் இயல்பினது. ‘சிஸ்’ என்னும் அடைவினுள் ‘கிளாஸ்’, அதனுள் ‘டி.ஆர்.எம்.’ எனச் சென்றால், ஒவ்வொரு செருகுவாய்க்கும் ஒரு பகுதி இருக்கும். அங்கே திரை இணைந்துள்ளதா என்னும் செய்தியும் இ.டி.ஐ.டி. ஓலையும் தனித்தனிக் கோப்புகளாகக் கிடைக்கும். புதிய திரையின் ஓலை நிறைந்திருந்தது. பழைய திரையின் ஓலையோ ஒரு பைட்டும் இன்றி வெறுமையாய் இருந்தது. வேறொரு வி.ஜி.ஏ. வடத்தை மாற்றியவுடன் ஓலை நிரம்பிற்று. அமைப்புப் பக்கத்தில் 1280, 1024 என்னும் அளவு தோன்றிற்று. ‘க்’ என்னும் எழுத்தின் புள்ளி மையிட்டாற்போல் விளங்கிற்று. வேறு வடம் கிடையாதெனில், உரிய அளவைக் கட்டளையால் கணினிக்கு எழுதித் தருதலும் இயலும். ஆயினும் சில ரூபாய் வடத்தால் தீரும் குறைக்கு அவ்வளவு முயலுதல் வேண்டா.

இனி அம்புக்குறியின் செய்தி. கணினியைப் பொறுத்தவரை இரு திரைகளும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. ஒரே பெருங்களத்தின் இரு பகுதிகளாம். அக்களத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு எண்கள் உண்டு. கணக்கு வகுப்பில் வரைபடத்தாளில் பயிலும் ஆயத்தொலைவுகளே அவை. வேறுபாடு ஒன்றே: வரைபடத்தாளில் இரண்டாம் எண் மேல்நோக்கி வளரும், கணினிக் களத்திலோ கீழ்நோக்கி வளரும். ஆதிப்புள்ளி மேல் இடமூலையில் உள்ளது. பழைய படக்குழாய்களில் எலக்ட்ரான் கற்றை அம்மூலையில் தொடங்கி வரிவரியாகக் கீழிறங்கியது. தமிழ் ஏட்டைப் படிக்கும் கண்ணும் அவ்வழியே செல்வது ஒப்பிடத்தக்கது.

தன்வரலாற்று ஓலையில் திரையின் பெயரும் அளவும் இருக்கும். அது மேசையின் எப்பக்கத்தில் நிற்கின்றது என்பது இராது. அதனைத் திரையும் அறியாது. ஆகவே, முதலில் உள்ள திரைக்கு வலப்பக்கத்தில் அடுத்ததை வைத்ததாகக் கணினி தானே கொண்டுவிட்டது. பழைய திரை 0இல் தொடங்கி 1279இல் முடிய, புதிய திரை 1280இல் தொடங்குவதாக அதன் வரைபடம் அமைந்தது. 0க்கு இடப்பக்கத்தில் களமே இல்லை. அதனால் அம்புக்குறி இடப்பக்கம் முட்டியது. 1279க்கு அடுத்தது 1280. அது புதிய திரையின் முதல் புள்ளி. அதனால் அங்கே எழுந்தது. அம்புக்குறி தவறவில்லை, வரைபடத்தின்படி நேர்வழியே சென்றது. மேசையும் வரைபடமும் மாறுபட்டிருந்தன, அவ்வளவே.

“அப்படியாயின் திரைகளை இடம்மாற்றி வைத்துவிடலாமே?” என்றார் முதியவர்.

“வைக்கலாம், தாத்தா. ஆனால், ஏடு இடப்பக்கம் இருந்தால்தானே உங்களுக்கு வசதி? மேசையை ஏன் மாற்றவேண்டும்? படத்தை மாற்றுவோம்” என்றாள் பேர்த்தி.

லினக்சில் திரைக்களத்தை ஆளும் முறைகள் இரண்டு. ‘எக்ஸ்’ என்பது அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984ஆம் ஆண்டில் தோன்றியது. ‘வேலாண்ட்’ என்பது 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. திரையின் இடத்தை மாற்றக் கட்டளை இடுவோர் தம் கணினியில் நடப்பது எம்முறை என்று முதலில் அறிதல் வேண்டும். எக்ஸ் முறைக்கு ‘எக்ஸ்ரேண்டர்’ என்னும் கட்டளை உண்டு. வேலாண்ட் முறையில் அக்கட்டளை திரைகளைப் பட்டியலிட்டுக் காட்டினும் அவற்றை இடம்மாற்றாது. அங்கே அந்தந்த மேசைச்சூழலின் அமைப்புப் பக்கமோ அதற்குரிய தனிக் கட்டளையோதான் வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாமல் பயனற்ற கட்டளையைப் பத்துமுறை இடுவோர் உளர்.

எக்ஸ் முறையிலும் தொடக்கத்தில் இவ்வளவு எளிமை இருந்ததில்லை. திரைகளின் அமைதியை ஒரு கோப்பில் கையால் எழுதி, திரைப்பணியை முழுதும் நிறுத்தி மறுபடி தொடங்குதல் வேண்டியிருந்தது. 2007ஆம் ஆண்டில் வந்த ‘ரேண்டர்’ 1.2 பதிப்பே, வேலை நடக்கும்போதே திரைகளைச் சேர்க்கவும் நகர்த்தவும் வழிசெய்தது.

முதியவரின் கணினி எக்ஸ் முறையில் நடப்பது. புதிய திரை பழைய திரைக்கு இடப்பக்கம் என்று பேர்த்தி கட்டளையிட்டாள். இப்போது புதிய திரை 0 முதல் 1919 வரையும், பழைய திரை 1920 முதல் 3199 வரையும் அமைந்தன. அம்புக்குறி ஏட்டிற்கும் எழுத்திற்கும் இடையே தடையின்றி உலாவியது.

எனினும் ஒரு சிறு குறை எஞ்சியது. எழுத்துத் திரையின் மேற்பகுதியில் அம்புக்குறி நேராகக் கடந்தது. கீழே செல்லச்செல்ல, கடக்கும்போது சற்றே மேலேறிக் கீழிறங்கியது. அகலத் திரையின் அடியிலோ வலப்பக்கம் செல்லாமல் முட்டியது. மேசையில் பார்த்தால் இரு திரைகளும் ஒத்த உயரமுடையன. அளவுகோல் வைத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். ஆனால், அந்த 30 சென்டிமீட்டரில் புதிய திரைக்கு 1080 வரிகள் இருந்தன. பழைய திரைக்கு 1024 வரிகளே இருந்தன. பழைய திரையின் புள்ளி சிறிது பருமனாதலின் இவ்வாறு ஆயிற்று. கணினி கோலால் அளப்பதில்லை, புள்ளியால் எண்ணுகின்றது. மேல்விளிம்புகளை ஒன்றாக வைத்தால், பழைய திரைக்குக் கீழே 56 வரிகள் களத்தில் உண்டு. காட்டுவதற்குத் திரை இல்லை. முழுக்களத்தையும் படம் எடுத்துப் பார்த்தால் அப்பகுதி கரிய பட்டையாகத் தோன்றும். அகலத் திரையின் அடியிலுள்ள 56 வரிகளில் வரும் அம்புக்குறிக்கு அப்பால் வழி இல்லை.

இக்குறையை முற்றும் நீக்குதல் இயலாது, பங்கிட்டுக்கொள்ளலாம். 56இல் பாதி 28. பழைய திரையைக் களத்தில் 28 வரிகள் கீழே இறக்கினால், அதன் நடுவரியும் புதிய திரையின் நடுவரியும் 540 என்னும் ஒரே எண்ணில் நேர்படும். மேலே 28 வரிகளும் கீழே 28 வரிகளும் சுவராக நிற்கும். படி எடுப்போர் கண் தங்குவது நடுப்பகுதியில் ஆதலின் இதுவே தக்கது. அதன்பின் எக்ஸ்ரேண்டர் பழைய திரையை ‘1280 பெருக்கல் 1024 கூட்டல் 1920 கூட்டல் 28’ என்னும் வாய்பாட்டில் காட்டிற்று. முதலிரண்டும் அளவு, பின்னிரண்டும் இடம்.

புள்ளியின் பருமன் மிக வேறுபடும் திரைகளை இணைப்போர்க்கு இதனினும் பெரிய தொல்லை உண்டு. 3840க்கு 2160 என்னும் நுண்புள்ளித் திரையும் பழைய திரையும் அடுத்தடுத்து நின்றால், ஒன்றில் எழுத்துக் கடுகளவாகவும் மற்றொன்றில் மிளகளவாகவும் தோன்றும். வேலாண்ட் முறையில் ஒவ்வொரு திரைக்கும் வேறுவேறு உருப்பெருக்கம் கூறலாம்; எக்ஸ் முறையில் அது செவ்வையாக அமைதல் அரிது. முதியவர்க்கு இத்தொல்லை நேரவில்லை.

மறுநாட் காலையில் அவர் கணினியைத் திறந்தார். அம்புக்குறி மீண்டும் இடப்பக்கம் முட்டியது! முதல்நாள் செய்ததெல்லாம் எங்கே போயிற்று? எக்ஸ்ரேண்டர் இட்ட ஆணை அந்த அமர்வு முடியும் அளவும் நிற்பது. நீர்மேல் எழுத்தன்றேனும் மணல்மேல் எழுத்து. நிலையாக நிற்க, மேசைச்சூழலின் அமைப்புப் பக்கத்திலேயே அதனைச் செய்தல் வேண்டும். அவர் கணினியில் இருந்தது ‘க்னோம்’ என்னும் சூழல். அதன் அமைப்புகளில் ‘திரைகள்’ என்னும் பகுதியில் இரு திரைகளும் 1, 2 என எண்ணிட்ட பெட்டிகளாகக் காணப்படும். பெட்டியை இழுத்து மேசையில் உள்ளவாறு வைத்து இசைவு தெரிவித்தால் போதும். மாற்றியபின் ‘இவ்வமைதி நிலைக்கட்டுமா?’ என்று கணினி வினவும்; குறித்த சில நொடிக்குள் விடை வாராவிடின் பழைய அமைதிக்கே மீளும். திரை முற்றும் இருண்டுபோன நேரத்தில் இதைவிடச் சிறந்த உதவி வேறில்லை. அந்நேரத்தில் கைவைக்காமல் காத்திருத்தலே செய்யத்தக்கது.

பேர்த்தி பெட்டியை இழுத்து வைத்தபோது 28 அமையவில்லை, 31 அமைந்தது. மூன்று வரி என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனை அவள் அப்படியே விட்டுவிட்டாள்.

க்னோம் இவ்வமைதியைப் பயனரின் ‘கான்ஃபிக்’ அடைவில் ‘மானிட்டர்ஸ்’ என்னும் கோப்பில் எழுதிவைக்கின்றது. எழுதும்போது திரையைச் செய்தோர் குறி, வகை, வரிசை எண் ஆகியவற்றோடு, அது இணைந்துள்ள செருகுவாயின் பெயரையும் சேர்த்தே எழுதுகின்றது. ஆதலால், தூசி துடைப்போர் வடத்தைப் பிடுங்கி வேறு வாயில் செருகிவிட்டால், கணினி அதனைப் புதிய சேர்க்கையாகக் கருதி முன்போலத் தன் விருப்பப்படி வைத்துவிடும். இதனை அறிந்த பேர்த்தி, ஒவ்வொரு வடத்தின் தலையிலும் ‘ஏடு’, ‘எழுத்து’ எனச் சிறு தாள் எழுதி ஒட்டினாள்.

திரை ஒன்றை அணைத்தபின்னும் கணினி அதனை உள்ளதாகவே கருதியிருப்பின், அத்திரையில் இருந்த சாளரம் காணாமற் போனதாகத் தோன்றும். க்னோம் சூழலில் சாளரத்தைத் தெரிந்துகொண்டு, சூப்பர் விசையையும் ஷிப்ட் விசையையும் அழுத்தியவாறே இடம் அல்லது வலம் காட்டும் அம்புவிசையை அழுத்தினால், அது அண்டைத் திரைக்கு வந்துவிடும்.

மூன்றாம் நாள் மேசையில் எல்லாம் ஒழுங்காய் அமைந்தன. கடவுச்சொல் கேட்கும் நுழைவுத்திரை மட்டும் இடம்மாறியே தோன்றியது. நுழைவுத்திரையை நடத்துவது கணினியின் வேறொரு பயனர். முதியவரின் கோப்பை அப்பயனர் பார்ப்பதில்லை. கோப்பின் படி ஒன்றை அப்பயனரின் அடைவில் வைத்தல் வேண்டும்; அதற்கு நிருவாகியின் உரிமை வேண்டும்.

“அதையும் செய்துவிடட்டுமா, தாத்தா?” என்று கேட்டாள் பேர்த்தி.

“நாளைக்கு ஆகட்டும், அம்மா. நேற்று ஓர் ஏட்டில் ஐயம் வந்து நிறுத்தினேன். ஒரே சொல் இரண்டு வரியிலும் வருகிறது. நடுவில் ஒரு வரியை விட்டிருக்கிறேனோ என்று தோன்றுகிறது. நீ அந்த இடத் திரையில் ஏட்டை வாசி, நான் வலத் திரையில் ஒப்புநோக்குகிறேன்” என்றார் முதியவர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். நான்காம் வரியில் அவர் கையமர்த்தினார். படியில் அந்த வரி இல்லை.